மறுபடி ஆடினால் மாறுவது எது?

மேக்ஸ் கால்ஃபீல்டுக்கு வயது 18. அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், ஆர்கேடியா பே என்ற கற்பனை ஊரில் புகைப்படக் கலை படிக்கிறாள். ஒருநாள் அவளுக்குக் காலத்தைக் கொஞ்ச தூரம் பின்னோக்கிச் சுழற்றும் சக்தி வந்துவிடுகிறது. பாரிஸைச் சேர்ந்த டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி 2015-இல் ஐந்து பகுதிகளாக வெளிவந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற வீடியோ கேமின் உயிர்நாடி இந்தச் சக்திதான். யாரிடமாவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், பேசியது பேசாததாகிவிடும். அந்தப் பேச்சில் தெரியவந்த தகவல் மட்டும் மேக்ஸின் நினைவில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு வேறு பதிலைச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு வழியிலும் உடனே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

ஆடுபவரின் கை இதற்கு நன்றாகப் பழகிவிட்ட நேரத்தில், இரண்டாம் பகுதியின் இறுதியில், மேக்ஸின் சக மாணவி கேட் மார்ஷ் விடுதிக் கூரையின் விளிம்பில் வந்து நிற்கிறாள். ஒரு விருந்தில் எடுக்கப்பட்ட அவளுடைய வீடியோ பள்ளி முழுக்கப் பரவி, கேலியும் அவமானமும் அவளை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கின்றன. மேக்ஸ் காலத்தை நிறுத்தி, சிரமப்பட்டுக் கூரைக்கு ஏறிவிடுகிறாள். அங்கே சக்தி தீர்ந்துபோகிறது. பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. இனி பேச்சு மட்டும்தான், அதுவும் ஒரே முறை. கேட்டின் அறைக்குப் போனபோது சுவரிலும் மேசையிலும் இருந்தவற்றை உண்மையிலேயே பார்த்தீர்களா என்பது இப்போது முக்கியமாகிறது. அவள்மீது அன்பு வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், தங்கைகளைச் சொல்ல வேண்டுமா, அம்மாவைச் சொல்ல வேண்டுமா? சற்று முன்பு உணவகத்தில் தோழியோடு உட்கார்ந்திருந்தபோது கேட் போன் செய்தாள், எடுத்தீர்களா? காவலாளி அவளை மிரட்டியபோது குறுக்கே போனீர்களா, ஓரமாக நின்று போட்டோ எடுத்தீர்களா? அப்போதெல்லாம் சிறியவையாகத் தெரிந்தவை இங்கே வரிசையாக வந்து நிற்கின்றன.

சக்தியை இழந்தது மேக்ஸ் மட்டும்தான். ஆடுபவரிடம் அது அப்படியே இருக்கிறது. மெனுவுக்குப் போய் முந்தைய கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். ஆக, இந்த விளையாட்டில் இரண்டு காலப்பொறிகள் ஓடுகின்றன: ஒன்று கதாநாயகியின் கையில், மற்றொன்று நம் கையில். கதைவழி ஆடும் கேம்கள் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டாவது பொறி உண்டு. நம் தேர்வைத் திரும்பப் பெற்று வேறொன்றைத் தேர்ந்தால் கதைக்கு என்ன ஆகிறது, நமக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கப் போகிறது. வழியில் சில கேம்களின் கதைத் திருப்பங்களை உடைத்துச் சொல்லாமல் முடியாது. இன்னும் ஆடாதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் போகும் ஆசை கணினியோடு பிறந்ததில்லை. 1979-இல் எட்வர்ட் பேக்கார்ட் எழுதிய ‘தி கேவ் ஆஃப் டைம்’ என்ற சிறுவர் நூலில் 40 முடிவுகள் இருந்தன. இடப்பக்கக் குகைக்குள் போவதானால் இந்தப் பக்கம், வெளியேறுவதானால் அந்தப் பக்கம் என்று நூல் சொல்லும். அந்த வகை நூல்களைப் படித்த குழந்தைகள் ஒரு விரலைப் பழைய பக்கத்திலேயே செருகிக்கொண்டு புதிய பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் ‘ரோக்’ என்ற கேமை உருவாக்கினார்கள். அதில் ஆட்டத்தைச் சேவ் செய்யலாம். ஆனால் சேவ் செய்த கோப்பைத் திறந்த மாத்திரத்தில் கேமே அதை அழித்துவிடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வரலாம், செத்தபின் உயிர்த்தெழ முடியாது. ஆடுபவர்கள் சும்மா இருக்கவில்லை. கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். விரலை எடுக்கச் சொல்லும் ஆசிரியருக்கும், எடுக்க மறுக்கும் வாசகருக்கும் நடுவிலான இந்த இழுபறி இன்றுவரை ஓயவில்லை. 1995-இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் ‘க்ரோனோ ட்ரிக்கர்’ கேமில் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தது. முடித்தவர் தன் பலங்களோடு கதையை மறுபடி ஆரம்பிக்கலாம். கடைசி எதிரியை எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறாரோ அதற்கேற்ப முடிவு மாறும். மறுபடி ஆடுவது அங்கே பரிசாகிவிட்டது.

மறுபடி ஆடுபவர் முதலில் கண்டுபிடிப்பது கதையின் எலும்புக்கூட்டை. அதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். ஒரு கதையில் 10 இடங்களில் இரண்டிரண்டு வழிகள் பிரிகின்றன, பிரிந்தவை மறுபடி சேர்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். முடிவுகள் 1,024. எழுத வேண்டிய காட்சிகள் மொத்தம் 2,047. ஒருமுறை ஆடுபவர் அவற்றில் பார்ப்பது 11 காட்சிகளைத்தான். பிரிவுகள் 20 ஆனால் முடிவுகள் 10,48,576. எந்த நிறுவனமும் இதை எழுதி, நடித்து, குரல் கொடுத்து மாளாது. கணினிக்கு இது சிரமமே இல்லை என்பதுதான் வேடிக்கை: ஆம், இல்லை என்ற 20 பதில்களைக் குறித்துவைக்க 20 பிட் போதும், மூன்று பைட்கூட நிறையாது. பத்து லட்சம் வாழ்க்கைகளை நினைவில் வைத்திருப்பது எளிது. அவற்றை எழுதும் மனிதர்களின் உழைப்புதான் கிடைக்காத பொருள்.

அதனால் எழுத்தாளர்கள் கிளைகளைப் பிரியவிட்டுச் சற்று தூரத்தில் ஒரே வாசலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். போகும்போது யார் எதைத் தேர்ந்தார் என்ற குறிப்பு மட்டும் கூடவே போகிறது. டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) இதற்குத் துல்லியமான உதாரணம். முதல் பகுதியில் மேக்கன் ஊர் மருந்துக்கடைக்குள் நடமாடும் பிணங்கள் நுழைகின்றன. டக், கார்லி இருவரும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். சில வினாடிகளில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டும், மற்றவர் சாவார். முதல்முறை ஆடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை மற்றவரைக் காப்பாற்றிப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் தெரியவரும்: யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் பகுதியில் அதே குழுவைச் சேர்ந்த லில்லி அவரைச் சாலையோரத்தில் சுட்டுவிடுகிறாள். இரண்டு பாதையும் அதே சாலையோரத்தில் வந்து முடிகின்றன.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2012-இல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஃபெண்ட்டும் சக ஆய்வாளர்களும் ஒரே எழுத்துக் கதையை மூன்று விதமாக ஆடக் கொடுத்தார்கள். முதலாவதில் தேர்வுக்கேற்பக் கதை உண்மையாகவே பிரிந்தது. இரண்டாவது பிரியாத ஒற்றைக் கதை. ஆனால் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் அந்தத் தேர்வை ஏற்றுக்கொண்டு ஒரு வரி வந்தது. மூன்றாவதும் ஒற்றைக் கதைதான், அதில் அந்த வரியும் இல்லை. தங்கள் செயலால் கதை நகர்ந்தது என்ற உணர்வு மூன்றாவது குழுவுக்குக் குறைவாக இருந்தது. முதல் இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தென்படவில்லை. தான் சொன்னது யார் காதிலோ விழுந்தது என்று தெரிந்தாலே மனிதருக்கு அது விளைவாகப் படுகிறது. ஒரு சிறுமி இதை நினைவில் வைத்திருப்பாள் என்று திரையின் மூலையில் அறிவித்துவிட்டு மறையும் டெல்டேலின் உத்தி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் ஒரே பதிப்பை ஆடிவிட்டுப் போனார்கள். வீட்டில் மறுபடி ஆடுபவர் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பொய்த்தோற்றம் அங்கே உடைகிறது. உடைந்த பிறகும் முதல்முறை பட்ட பதைபதைப்பு பொய்யாகிவிடுவதில்லை. மருந்துக்கடையில் நின்றவருக்கு மூன்றாம் பகுதி தெரியாது. தெரியாமல் எடுத்த முடிவைத் தெரிந்தபின் அளக்கக் கூடாது.

ஆனாலும் அளக்கிறோம். இங்கேதான் மூளை வருகிறது. 2004-இல் பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த நதாலி கமீயும் ஜார்ஜியோ கோரிசெல்லியும் சகாக்களுடன் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் எளிய சூதாட்டச் சோதனையை வெளியிட்டார்கள். திரையில் இரண்டு சக்கரங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சுற்றுகளில் தேர்ந்த சக்கரத்தின் பலன் மட்டும் காட்டப்படும். சில சுற்றுகளில் தேர்ந்தெடுக்காத சக்கரம் எங்கே நின்றது என்பதும் காட்டப்படும். 50 ஜெயித்தவர், மற்றதில் 200 விழுந்திருக்கும் என்று பார்த்துவிட்டால் ஜெயித்த சந்தோஷம் கசந்துவிடுகிறது. கண்குழிகளுக்கு மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்ற முன்மூளைப் பகுதி சிதைந்த நோயாளிகளுக்கோ இந்தக் கசப்பு வரவில்லை. ஜெயித்தால் மகிழ்ந்தார்கள், தோற்றால் வருந்தினார்கள். விட்டதை நினைத்து மனம் புழுங்கவில்லை. அந்தப் புழுக்கத்திலிருந்து அடுத்த சுற்றுக்குப் பாடம் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஏமாற்றத்துக்கு ஒரு சக்கரம் போதும், வருத்தத்துக்கு இரண்டு வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு குவான்டிக் ட்ரீம் நிறுவனத்தின் ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ (2018) கேமின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆண்டு 2038. மாடி விளிம்பில் ஓர் இயந்திர மனிதன் ஒரு சிறுமியைப் பிடித்து வைத்திருக்கிறான். பேச்சு நடத்த வந்திருக்கும் கானரும் இயந்திர மனிதன்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் உடைந்த மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீன் தரையில் துடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துத் தண்ணீரில் விடலாம், தாண்டியும் போகலாம். அத்தியாயம் முடிந்தவுடன் திரையில் ஒரு பெரிய வரைபடம் விரிகிறது. நீங்கள் வந்த வழி பளிச்சென்று தெரியும். போகாத வழிகள் பூட்டுப் போட்ட வெற்றுக் கட்டங்களாக நிற்கும். உலகம் முழுவதும் ஆடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்தக் கட்டத்தைத் தொட்டார்கள் என்பதும் இருக்கும்.

லியோன் ஆய்வகத்தின் இரண்டாவது சக்கரம்தான் இது, ஆனால் பாதி மறைத்துக் காட்டப்படுகிறது. சக்கரம் இருக்கிறது என்று தெரியும், அதில் விழுந்த எண் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி மறுபடி ஆடுவது. இந்த வரைபடம் கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது சற்று அவசரப்படுகிறது. சிறுமி பிழைத்தாளா, யார் விழுந்தார்கள் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே கட்டங்களையும் பூட்டுகளையும் எண்ண வைத்துவிடுகிறது.

விட்டதைத் திரும்பிப் பார்ப்பது மனிதர்களுக்கு மட்டும் உரியதில்லை. 2014-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸ்டைனர், டேவிட் ரெடிஷ் இருவரும் எலிகளுக்கு நான்கு உணவகங்கள் கொண்ட ஒரு வட்டப்பாதை அமைத்தார்கள். வாழைப்பழச் சுவை, செர்ரிச் சுவை, சாக்லேட் சுவை, சுவையூட்டாதது என்று ஒவ்வொன்றிலும் ஒருவகைத் தீனி. எவ்வளவு நேரம் காத்திருந்தால் தீனி விழும் என்பதை வாசலில் ஒலிக்கும் ஓசையின் சுருதி சொல்லிவிடும். குறைந்த நேரமே காத்திருந்தால் போதும் என்ற நல்ல வாய்ப்பை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போன எலி, அங்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும் நின்று, விட்டுவந்த கடையின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணத்தில் அதன் ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸில் பதிவான நரம்புத் துடிப்புகள், விட்டுவந்த கடையில் இருந்தபோது பதிவானவற்றை ஒத்திருந்தன. எலிக்கு லோட் பட்டன் கிடையாது. முன்னே இருக்கும் கடையில் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருக்கத் துணிந்தது, அவ்வளவுதான் அதனால் முடிந்தது. நமக்கு அந்தப் பட்டன் இருக்கிறது.

பட்டன் இருப்பதால் நாம் மகிழ்ச்சியாக இருக்கிறோமா? ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். புகைப்படப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் தாங்கள் எடுத்த படங்களில் இரண்டை இருட்டறையில் அச்சிட்டார்கள். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். சிலரிடம், மனம் மாறினால் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்களிடம், கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்கள். பிறகு விசாரித்தபோது, மாற்ற முடியாதவர்களுக்குத் தங்கள் படம் கூடுதலாகப் பிடித்திருந்தது. மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தவர்களுக்கு அந்த அளவு பிடிப்பு வரவில்லை. இப்படி ஆகும் என்று மாணவர்களால் முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. கதவு சாத்தியபிறகு மனம் உள்ளே இருக்கும் அறையை அழகுபடுத்தத் தொடங்குகிறது. கதவு திறந்தே இருந்தால் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

கதை கேம்களில் ஒரு தேர்வின் கனம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் முடிவு. கிளைகள் எத்தனை என்பது இரண்டாம்பட்சம். தேர்ந்தபின் அந்தத் தேர்வை நம்முடையதாக்கிக்கொள்ள மனதுக்கு அவகாசம் கிடைத்ததா என்பதே முதல் கேள்வி. கூரைக் காட்சியில் டோன்ட்நாட் பட்டனைப் பிடுங்கியது அந்த அவகாசத்துக்காகத்தான்.

இதை ஆழமாகப் புரிந்துகொண்டவர் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர். அவருடைய ‘அண்டர்டேல்’ (2015) பழைய காலத்துப் புள்ளிப்படங்களோடு வந்த சிறிய கேம். பூமிக்கடியில் விழும் குழந்தையை டோரியல் என்ற ஆட்டு உருவப் பெண் தாயைப்போல் பார்த்துக்கொள்கிறாள். வெளியே போகவிட மாட்டேன் என்று வழிமறிக்கும்போது சண்டை மூள்கிறது. அவளைக் கொல்லாமல் தாண்டிப்போக வழி உண்டு, ஆனால் அது உடனே புலப்படாது. மன்னிப்பைத் தேர்ந்தால் ஒன்றும் மாறாததுபோல் இருக்கும். கொஞ்சம் அடித்துப் பலவீனப்படுத்தினால் விட்டுவிடுவாள் என்று எண்ணி அடிப்பார்கள். எதிர்பாராமல் ஓர் அடி பெரிதாக விழுந்து அவள் இறந்துவிடுவாள். அந்தச் சண்டையில், நம் உயிர் குறையக் குறைய அவளுடைய நெருப்புகள் நம்மைத் தொடாமல் விலகிப்போயிருக்கும். நம்மைச் சாகவிட அவளுக்கு மனமில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். பலரும் உடனே பழைய சேவ் கோப்பை லோட் செய்கிறார்கள். இந்த முறை பொறுமையாக மன்னித்துக்கொண்டே இருந்து அவளைக் காப்பாற்றிவிட்டு வெளியே வந்தால், ஃப்ளவி என்ற பூ காத்திருக்கிறது. நீ அவளைக் கொன்றாய், பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்ற பொருள்பட அது பேசும்.

தொழில்நுட்பம் எளிமையானது. ஆட்டத்தின் நிலை ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. நாம் லோட் செய்வது அதைத்தான். அதற்கு அப்பால் இன்னொரு சிறு கோப்பில் கேம் தனியே குறிப்பு எழுதிவைக்கிறது. லோட் செய்தாலும் அது பின்னோக்கிப் போவதில்லை. கதைக்குள் டோரியல் உயிரோடு இருக்கிறாள். அவளைக் கொன்றவர் என்ற குறிப்பும் இருக்கிறது. நம் தலைக்குள் இருப்பதும் இப்படித்தானே. மறுபடி ஆடும்போது கதாபாத்திரங்கள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஆடுபவர் ஒருவர் மட்டும் மறப்பதில்லை. எல்லாரையும் கொன்று கதையை முடித்தவர் பிற்பாடு எவ்வளவு நல்லவராக ஆடினாலும் அந்தப் பழைய குறிப்பு சமாதான முடிவையும் கறைப்படுத்திவிடும்.

முதல் ஆட்டத்தில் பெரும்பாலானவர்கள் யாராக ஆடுகிறார்கள்? ஆண்ட்ரூ வீவரும் நிக்கி லூயிஸும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 75 பேரை ‘ஃபால்அவுட் 3’ ஆட வைத்தார்கள். பெரும்பாலோர் எதிரே நிற்பவர்கள் உண்மையான மனிதர்கள் என்பதுபோலவே அறநெறிப்படி முடிவெடுத்தார்கள். தீங்கு செய்தவர்களுக்குக் குற்றவுணர்ச்சி கூடியது. பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ தொடரில் பணியாற்றிய ஜான் எபங்கர், ஆடியவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் நல்லவழியையே தேர்ந்தார்கள் என்று 2020-இல் குறிப்பிட்டார். முரட்டுவழிக்காகவும் பயோவேர் குழு ஏராளமாக உழைத்திருந்தது. அந்த உழைப்பு பலர் கண்ணில் படுவது இரண்டாவது ஆட்டத்தில்தான், அதுவும் வேறொருவராக நடிக்கத் தீர்மானித்து வந்தவர்களுக்கு. முதல் ஆட்டத்தில் ஒருவர் கதைக்குள் வாழ்கிறார். இரண்டாவதில் கதையைப் படிக்கிறார். ஒன்று மற்றொன்றுக்குத் தாழ்ந்ததில்லை. ஒரு மனிதர் ஏன் அப்படிச் சீறினார் என்பது, அவரைச் சீற வைக்காத பாதையிலும் போய்ப் பார்த்தவருக்கே முழுதாக விளங்கும். இரண்டையும் ஒரே மாலையில், ஒரு பட்டன் தூரத்தில் கலந்துவிடுவதுதான் இரண்டுக்கும் நஷ்டம்.

அண்மைக் காலத்தில் ஆடுபவர்களே கதவைச் சாத்திக்கொள்ள விரும்புவதைப் பார்க்கிறோம். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் பல பேச்சுகளின் முடிவை 20 முகப் பகடை தீர்மானிக்கிறது. எண் சரியில்லை என்றால் உடனே லோட் செய்யலாம், பலர் செய்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஒரே ஒரு சேவ் மட்டும் அனுமதிக்கும் ஹானர் மோட் சேர்க்கப்பட்டது. தோற்ற பகடையோடு வாழப் பழகியவர்கள் சொல்லும் அனுபவம் எனக்குப் பிடித்தமானது: பேச்சு தோற்றதால் திறந்த வழிகளில்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கும் சம்பவங்கள் நடந்தன.

இந்தத் திசையில் கடைசி எல்லைவரை போனவர் ஜப்பானின் யோகோ டாரோ. அவருடைய ‘நியர்: ஆட்டோமேட்டா’ (2017) மறுபடி மறுபடி ஆடினால் மட்டுமே கதை முழுமையாகும்படி கட்டப்பட்டது. ஐந்தாவது பெரிய முடிவில், கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலோடு ஆடுபவர் சண்டையிட வேண்டும். தனியாக ஜெயிப்பது மிகக் கடினம். தோற்றுத் தோற்றுத் துவளும்போது முன்பின் தெரியாத மற்ற ஆட்டக்காரர்களின் தரவுகள் துணைக்கு வருகின்றன. நமக்குப் பதிலாக அடிபட்டு ஒவ்வொன்றாக அழிகின்றன. ஜெயித்தபின் கேம் கேட்கிறது: யாரோ ஒருவருக்கு இதேபோல் உதவ, இதுவரை சேவ் செய்த அனைத்தையும் அழிக்கச் சம்மதமா? சம்மதித்தால் எல்லாம் கண்ணெதிரே அழிந்துபோகும்.

ஹார்வர்டின் புகைப்படச் சோதனையை மறுபடி நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அழிக்கச் சம்மதித்தவர்களையும் மறுத்தவர்களையும் ஒப்பிட்டால் மட்டும் போதாது; சம்மதிப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கதையை அதிகம் நேசித்தவர்களாக இருக்கலாம். ஆகவே ஒரு குழுவுக்கு அந்தக் கேள்வியே வராத பதிப்பையும், ஒரு குழுவுக்கு முழுதாக அழித்துவிடும் பதிப்பையும், மூன்றாவது குழுவுக்கு அழித்ததை ஒரு வாரத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லும் பதிப்பையும் குலுக்கல் முறையில் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, தாங்கள் எடுத்த முடிவுகளில் எவை நினைவிருக்கின்றன, எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று மூன்று குழுக்களிடமும் கேட்க வேண்டும். மீட்டுக்கொள்ளும் வசதி பெற்றவர்களே தங்கள் கதையை மற்றவர்களைவிட மங்கலாக நினைவுகூர்வார்கள் என்பது என் ஊகம்.